வாசலில் இருந்த சிவப்புப் பேசின்

தேவனின் இரண்டு கால்களிலும் வெந்த கோடு ஒரே உயரத்தில் இருந்தது. கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே, காலுறை போட்டு விட்டதுபோல. அவனுக்கு இரண்டரை வயது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காயக் கட்டை அவிழ்க்கும் தாதி நோர்மாவின் கைகளைப் பார்த்தபடி, அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"சிவகுருநாதன், இதைப் பாரும்," என்றார் டாக்டர் ஞானாம்பிகை. "தாய் என்ன சொன்னவ?"

நான் அட்டையைப் படித்தேன். அடுப்பிலிருந்த சுடுதண்ணீர்ப் பானை சரிந்து பிள்ளையின் மேல் கொட்டிவிட்டது என்று எழுதியிருந்தது.

"பானை சரிஞ்சா தலை வேகும், தோள் வேகும். கால் மட்டும் எப்பிடி வேகும்? அதுவும் ரெண்டும் ஒரே அளவா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆரோ தூக்கிப் பிடிச்சு முக்கினா இப்பிடிக் கோடு விழும். முக்கினவ எண்டு நான் சொல்லேல்லை. கதையும் காயமும் பொருந்தேல்லை. அவ்வளவுதான்."

அது எண்பத்தெட்டாம் ஆண்டு, அக்டோபர் மாதம். பினாங்கில் மழை தொடங்கியிருந்தது. அந்த வருடம்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஒரு சிறு குழுவை அமைத்திருந்தார்கள். டாக்டர், நோர்மா, சமூக நல அதிகாரி ஒருவர். வியாழக்கிழமைகளில் கூடுவார்கள். அடிபட்டு வந்த பிள்ளையின் காயமும் வீட்டார் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், என்ன நடந்தது என்று விளங்கும்வரை பிள்ளையை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். விளங்காமலே போனால் பிள்ளை குழந்தைகள் நல இல்லத்துக்குப் போகும். அதே பிள்ளை அடுத்த மாதம் இன்னும் மோசமாகத் திரும்பி வரக்கூடாது என்பதுதான் நோக்கம்.

நான் பதிவேட்டு அறை எழுத்தன். பட்டம் வாங்கியவன். அந்த அறைக்கு அது தேவையில்லை. தமிழ்க் குடும்பம் என்றால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். என் மனைவி தவமணி பதினான்கு மாதங்களுக்கு முன் அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் இறந்தாள். அதன் பிறகு யார் எங்கே கூப்பிட்டாலும் போனேன்.

அன்று செவ்வாய். வியாழனுக்கு இரண்டு நாள்.

"நீரும் நோர்மாவும் வீட்டைப் போய்ப் பாருங்கோ," என்றார் டாக்டர். "விசாரணை மாதிரி வேண்டாம். சும்மா இருந்து பாருங்கோ."

தேவனின் அப்பா வேலு வார்டு வாசலில் நின்றிருந்தார். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து ஃபெரி ஏறி நேராக வந்திருந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை.

"சார், அவ புள்ளைய அடிக்கிறவ இல்ல சார். கொசு கடிச்சாலே, அடிக்கவா ஓட்டவான்னு யோசிப்பா. நானாவது ஒரு தட்டு தட்டியிருப்பேன். அவ கெடையாது."

"யாரும் அடித்ததாகச் சொல்லவில்லை அண்ணே."

"சொல்லலதான், ஆனா பார்க்கிறீங்கல்ல."

நோர்மா குடையோடு வந்தார், கிளம்பினோம்.

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, எட்டாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. நோர்மா கனத்த உடம்புக்காரர். ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடிச் சுவரில் குடையைத் தட்டினார். ஐந்தாம் மாடியிலேயே இடியாப்பத்தோடு பாண்டான் இலை வேகும் வாசனை வந்துவிட்டது.

தேவனின் அம்மா ஜெயலெட்சுமி வீட்டில் இடியாப்பம் போட்டு விற்றார். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் நாலு மணிக்குள் இருநூறு ஆகவேண்டும். மீரா சாகிப் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, பெட்டியில் அடுக்கி, ஆயர் ஈத்தாம் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு போவார். தேங்காய்ப் பூவும் நாட்டுச் சர்க்கரையும் அவர் பொறுப்பு. இடியாப்பம் ஜெயலெட்சுமியின் பொறுப்பு.

வீடு ஒரே அறை. பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் குளியலறை. மாவு, இடியாப்ப உரல், பிரம்புத் தட்டுகள், எல்லாம் தரையில். ஜெயலெட்சுமியும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழப்போனார்.

"இருங்க அக்கா, வேலையைப் பாருங்க," என்றேன்.

வாசலில் தண்ணீர் நிறைந்த சிவப்பு பிளாஸ்டிக் பேசின் ஒன்று இருந்தது. நோர்மா காலணியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். நானும் அப்படியே செய்தேன்.

ஜெயலெட்சுமிக்கு மலாய் தெரியும். மீன் வாங்கும் அளவுக்கு. இதற்கு அது போதாது. நோர்மா கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"அன்றைக்குப் பானை எங்கே இருந்தது?"

"அடுப்புல."

"தேவன் எங்கே நின்றான்?"

"இங்கதான். அடுப்புகிட்ட."

"எப்படிச் சரிந்தது?"

"சரிஞ்சிருச்சு சார். அவ்ளோதான்." உரலுக்குள் மாவை அடைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். நூல் நூலாகத் தட்டில் விழுந்தது. ஒரு வட்டம் கோணலாகப் போயிற்று. அதை வழித்து மறுபடி மாவில் போட்டார். "புள்ள பசியாறுனானா சார் இன்னைக்கு?"

"கஞ்சி குடித்தான்."

"முட்டை குடுத்தா மஞ்சக் கருவைத் துப்புவான். மிஸிகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். நோர்மா தலையாட்டினார். அவர் எதையும் எழுதவில்லை. ஆவிச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, நல்ல வாசனை என்றார். அடுப்பு மேசைமேல் உயரமாக இருந்தது. அங்கிருந்து பானை சரிந்திருந்தால் கால் மட்டும் வெந்திருக்காது. அது எனக்கே தெரிந்தது. நோர்மா என் பக்கம் திரும்பவில்லை.

"சாப்பிடுங்க சார். ரெண்டு வைக்கிறேன்."

"வேண்டாம் அக்கா. வேலையாக வந்திருக்கிறோம்."

மழை சாய்வாக அடித்தது. பிள்ளைகள் நடைவழியில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். ஆறு வயது. தேவனின் அக்கா நவமணி. முழங்கால்வரை சேறு.

சிவப்புப் பேசினுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். எழுந்தாள். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து, தொபுக்கென்று உள்ளே குதித்தாள்.

தண்ணீர் எழும்பி நோர்மாவின் காலணிகளை நிரப்பியது. வாசல்பக்கம் நின்றிருந்த நோர்மாவின் பாவாடையும் முழங்கால்வரை நனைந்தது.

"ஏய் நவா! மிஸி சப்பாத்து!" என்று ஜெயலெட்சுமி கத்தினார்.

"நீங்கதானே சொன்னீங்க, கால் கழுவாம உள்ள வரக்கூடாதுன்னு."

நோர்மா தன் பாவாடையைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார். "அவளைக் கேள், ஏன் விரலை விட்டாள் என்று."

கேட்டேன்.

"சூடா இருந்தா, தம்பி மாதிரி ஆயிடும்ல," என்றாள் நவமணி.

உரல் நின்றது. ஜெயலெட்சுமி மாவுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வெள்ளையாயிற்று.

கையை எடுக்காமலே பேசினார்.

"மாவு பெசையிற பேசின் ஒடைஞ்சிருச்சு சார். போன வாரம் திங்கக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி பாசார் மாலாம் சந்தையிலதான் புதுசு வாங்கணும். பாய் ஆர்டர் நிக்குமா? கால் கழுவுற பேசின எடுத்து, சோப்பு போட்டு, புளி போட்டுத் தேய்ச்சு, கொதிக்கிற தண்ணிய ஊத்தி வெச்சி, அப்பறம்தான் பெசைஞ்சேன். திங்கக்கிழமை ஒரு நாளு. செவ்வாய் ஒரு நாளு. புதன்கிழமை கொதிதண்ணிய ஊத்தி வாசப்பக்கம் ஓரமா வெச்சிட்டு, மாவு எடுக்கத் திரும்புனேன். கோரிடோர்ல வெளையாடிட்டு வந்தான். ஒரு நாளைக்குப் பத்து வாட்டி அதுல குதிப்பான் சார். அவனுக்கு அது வெளையாட்டு. சிவப்பு பேசின்னா கால் கழுவுறதுதான்."

"எவ்வளவு நேரம் உள்ளே நின்றான்?"

"குதிச்சான். கத்துனான். தூக்கிட்டேன். அவ்ளோ நேரம்தான். தொடை வரைக்கும் பல்பசைய அப்பிட்டுத் தூக்கிட்டு ஓடியாந்தேன்."

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இது தெரியாதவனா நீ என்பதுபோல.

"கால் கழுவுற பேசின்ல மாவு பெசைஞ்சா, யாரு சார் வாங்கித் திம்பாங்க? ஆறாவது மாடி வள்ளியம்மாவும் இடியாப்பந்தான் போடுறா. அவளுக்குத் தெரிஞ்சா சாயந்தரத்துக்குள்ள ஆயர் ஈத்தாம் வரைக்கும் தெரியும். என் வீட்டுக்காரருகிட்டகூட சொல்லல. பானைன்னு சொன்னா முடிஞ்சிரும்னு நெனைச்சேன்."

நான் நோர்மாவுக்குச் சொன்னேன். புளியைக்கூட விடவில்லை. நோர்மா கேட்டு முடித்துவிட்டு, பேசினைக் காலி செய்து, அன்றைக்கு ஊற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஜெயலெட்சுமி குழாய்த் தண்ணீரை ஊற்றி, நாலு விரலை வைத்துப் பார்த்து நிறுத்தினார். நோர்மா பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். ஒன்பது சென்டிமீட்டர்.

போகும்போது நோர்மா சொன்னதை மொழிபெயர்த்தேன். "நீங்கள் சொன்ன பொய்தான் உங்கள் பிள்ளையை ஆஸ்பத்திரியில் பிடித்து வைத்திருக்கிறது. பேசின் இல்லை."

"பேசின் வெளிய தெரியவேணாம் சார்," என்றார் ஜெயலெட்சுமி. "மிஸிகிட்ட கெஞ்சிக் கேட்டதா சொல்லுங்க."

நோர்மா ஈரக் காலணியோடு எட்டு மாடியும் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் சளக், சளக் என்றது. மூன்றாம் மாடியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வார்டுக்கு வந்ததும் தேவனைக் குப்புறப் படுக்க வைத்தார். முழங்காலுக்குப் பின்னாலும் தொடையிலும் சிறு சிறு புள்ளிகள். ஏழு. பல்பசையைக் கழுவியபோது கொசுக்கடி என்று எழுதியிருந்தார்கள். இப்போது அவை தோல் உரிந்து உலர்ந்திருந்தன. தெறித்த சுடுதண்ணீர். டாக்டர் ஞானாம்பிகை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பாதத்திலிருந்து கோடு வரை அளந்தார். ஒன்பது.

"முக்கிப் பிடிச்சா தெறிக்காது," என்றார். "குதிச்சாத்தான் தெறிக்கும். குதிச்சிருக்கிறான், கள்ளன்." தேவனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் அப்போதுதான் அழுதான்.

வியாழக்கிழமைக் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. புண் ஆறியதும் பிள்ளை வீட்டுக்குப் போகலாம். சமையல்கட்டுக்கு ஒரு சிறு கதவு போடவேண்டும். சுடுதண்ணீர் தரைக்கு வரக்கூடாது. பேசின் விவரம் வார்டு அட்டையோடு நிற்கும், வெளியே போகாது. கதவை ஆஸ்பத்திரித் தச்சர் முகம்மது கனி பழைய கட்டில் சட்டங்களில் செய்து தருவதாகச் சொன்னார். "அந்தப் பையன் ஏறிக் குதிக்காத உயரமா செய்யணும்லா," என்று வார்டுக்கு வந்து தேவனையே நிற்க வைத்து அளவெடுத்தார்.

ஆனால் டாக்டர் விடவில்லை. பதிவேட்டு அறைக்கு வந்து, வெந்து வந்த பிள்ளைகளின் அட்டைகளை எடுக்கச் சொன்னார். பதினொரு மாதத்தில் ஐந்து வயதுக்குக் கீழே பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர், விற்பனைக்குச் சமைக்கும் வீடுகள். மூன்று அட்டைகளில் ஒரே முகவரி. அதே அடுக்குமாடி.

"ஒவ்வொண்டா வந்த பிறகு மருந்து போட்டுக்கொண்டே இருக்கிறதோ?" என்றார். "சனிக்கிழமை அங்க போவம். தமிழில ஒரு துண்டுப் பிரசுரம் எழுதும்."

எழுதினேன். மறுநாள் மகனைப் பார்க்க வந்த ஜெயலெட்சுமியிடம் படித்துக் காட்டினேன்.

"'கொதிநீர்க் கலன்களைச் சிறார் அணுகாவண்ணம் உயரத்தில் வைத்தல் வேண்டும்.'"

அவர் தேவனுக்கு முட்டை ஊட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கரு மட்டும்.

"யாரு சார் இப்படிப் பேசுவா? வள்ளியம்மா இத இடியாப்பம் மடிக்கத்தான் வெச்சிக்குவா."

"வேறு எப்படி எழுத?"

"'சுடுதண்ணிய தரையில வெக்காதீங்க. புள்ளைக்கு அது சூடுன்னு தெரியாது.' அவ்ளோதான்."

அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமை நாலரை மணி. கீழ்த்தளத்துப் பொதுக்கூடம். நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், வந்தவர்கள் பன்னிரண்டு பெண்கள். மற்றவர்கள் நடைவழிகளில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று பேச்சு. மீரா சாகிப் ஆர்டரை ஏற்றிக்கொண்டு புறப்பட வந்தவர், மழைக்காகக் கூடத்தின் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்.

நோர்மா பேசினார். நான் மொழிபெயர்த்தேன். ஒருவர் விசிறிக்கொண்டார். ஒருவர் பிள்ளைக்குத் தலையில் பேன் பார்த்தார்.

முன்வரிசையில் வள்ளியம்மா. வெற்றிலை வாய். மடியில் தவழும் வயதில் ஒரு பையன், பிடியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தான்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்," என்றார். "நாங்கள்லாம் ஒழுங்காத்தான் வெச்சிருக்கோம். சில பேரு வீட்லதான் பானை தானா நடந்து வந்து புள்ள கால்ல ஊத்துது. அதுவும் பேயா என்னா தெரியல."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயலெட்சுமி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வள்ளியம்மாவின் மடியில் இருந்த பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நழுவி இறங்கி, சிமெண்டுத் தரையில் தவழ ஆரம்பித்தான்.

ஜெயலெட்சுமி எழுந்தார்.

"பானை இல்லக்கா. பேசின். கால் கழுவுற பேசின். மாவு பேசின் ஒடைஞ்சி போச்சு, அதுல கொதிதண்ணி ஊத்தி வெச்சிருந்தேன், மாவு பெசைய. கால் கழுவுறதுதான்னு குதிச்சிட்டான். நான்தான் பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில நான் முக்கிட்டேன்னு நெனைச்சாங்க. அதுக்கும் வாய மூடிட்டுதான் இருந்தேன். ஏன்னா உங்க எல்லாருக்கும் பயந்துகிட்டு." மூச்சு வாங்கினார். "உங்க பையன் தவழுறான்க்கா. உங்க வீட்லயும் சுடுதண்ணி தரையிலதான். நான் பார்த்திருக்கேன்."

பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாக வாசலுக்குத் திரும்பின. மீரா சாகிப் தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேசின்ல எத்தன நாளு பெசைஞ்ச, தங்கச்சி?"

"ரெண்டு நாளு பாய். போன வாரம் திங்கள், செவ்வாய்."

அவர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார்.

"அதான் பார்த்தேன். செவ்வாக்கெழம அஞ்சரைக்கே பெட்டி காலி. இன்னும் இல்லையான்னு ரெண்டு சீனத்தி கேட்டுச்சுங்க."

முதலில் சிரித்தது வள்ளியம்மாதான். வெற்றிலைச் சாறு புடவையில் தெறித்தது. பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. நடைவழியில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டு இறங்கி வந்தார்கள். நாற்காலி நிறைந்துவிட்டது.

"புதுசு வாங்கிட்டியா?" என்றார் மீரா சாகிப்.

"போன வாரமே வாங்கிட்டேன். பச்சை."

"சரி. பச்சையில விக்குதான்னு பார்ப்போம்." கிளம்பிவிட்டார். மழையில் ஹாரன் சத்தம் சாலையில் இறங்கிப் போனது.

அதன் பிறகு பேச்சை நிறுத்த முடியவில்லை. கடலை வறுக்கும் ஒரு பெண், எண்ணெய்ச் சட்டியைத் தரையில் இறக்கி ஆறவைப்பதைச் சொன்னார். ஒருவர் மண்ணெண்ணெயை ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு, தானே எழுந்து ஓடினார், எடுத்து மேலே வைக்க. வள்ளியம்மா தவழ்ந்த பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நோர்மாவிடம் வந்தார். மலாயிலேயே கேட்டார். அந்தக் கதவு எத்தனை அடி, அவரும் ஒன்று செய்யலாமா?

முகம்மது கனி அந்த மாதம் ஒன்பது கதவுகள் செய்தார். பழைய கட்டில்கள் தீர்ந்து, பழப்பெட்டிப் பலகைக்கு வந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து போகும்போது ஜெயலெட்சுமி வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"பச்சை பேசின்ல பெசைஞ்சதுதான் சார். தைரியமா சாப்பிடுங்க. வீட்ல அக்காவுக்கும் குடுங்க."

"அக்கா இல்லை."

"ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இறந்துவிட்டாள்."

அவர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, இன்னும் இரண்டு வைத்துக் கட்டித் தந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். இடியாப்பம் இன்னும் சூடாக இருந்தது. சர்க்கரை இலையில் கரைந்து விரலில் ஒட்டியது. அதை நக்கினேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தேவன் வீட்டுக்குப் போனான். வேலு விடுப்பு எடுத்திருந்தார். மகனைத் தோளில் வைத்து எட்டு மாடியும் ஏறினார். கோடு இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். நோர்மாவும் நானும் பின்னால் ஏறினோம், கதவைச் சரிபார்க்க.

கதவு சரியாக இருந்தது. பச்சைப் பேசின் மேசைமேல். சிவப்புப் பேசின் வாசலில், அதே இடத்தில்.

"வேற கலர் வாங்கிரலாம்னு சொன்னேன்," என்றார் வேலு. "கேக்க மாட்டேங்கிறா."

"அதப் பார்த்து பயந்துகிட்டே வளரணுமா புள்ள?" என்றார் ஜெயலெட்சுமி உள்ளேயிருந்து.

வேலு அவனை வாசலில் இறக்கிவிட்டார். தேவன் பேசினைப் பார்த்தான். இரண்டு அடி பின்னால் போய் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான். கீழுதடு பிதுங்கியது. ஜெயலெட்சுமி கதவின் மேல்சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

நவமணி வந்து குந்தினாள். விரலை விட்டாள்.

"பச்சத்தண்ணிதான்டா. நீயே பாரு."

அவன் அப்பாவின் காலை விடாமலே குனிந்தான். ஒரு விரலை நீட்டினான். விரல் தண்ணீரைத் தொட்டது. எடுத்தான். விரலைப் பார்த்தான். மறுபடியும் விட்டான். இந்த முறை முழுக் கையும்.

அவன் முகம் மாறுவதை நோர்மா கண்டுகொண்டார். காலணிகளைத் தூக்கிக்கொண்டு அவசரமாக நாலு அடி பின்வாங்கினார். "சிவா, தள்ளி வா!"

நான் நகரவில்லை.

தேவன் இரண்டு கால்களையும் சேர்த்தான். தொபுக்.

என் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.